பெயர் சொல்லாமல் எட்டு நாள்

லண்டனில் நான் இருந்தது எட்டு நாள். அந்த எட்டு நாளும் நான் பார்த்த ஒரே வேலை, கண்டவர்களிடமெல்லாம் "தயவுசெய்து அவன் பெயரைச் சொல்லாதீர்கள்" என்று கெஞ்சியதுதான். அரண்மனை, பாலம், மணிக்கூண்டு ஒன்றையும் பார்க்கவில்லை. ஊரில் ஆவலோடு கேட்டவர்களுக்கு "மழை பெய்தது" என்று மட்டும் சொல்லி வைத்தேன்.

விஷயம் இதுதான். என் தம்பி ஜெபராஜ் வளைகுடா நாடு ஒன்றில், பிரிட்டிஷ் கட்டுமானக் கம்பெனியில் எலக்ட்ரீஷியன். நாட்டின் பெயரை எழுதப்போவதில்லை. எங்கள் ஊர் நாசரேத்துப் பிள்ளைகள் இன்னும் அங்கே வேலை பார்க்கிறார்கள். அங்கே கோயில் கட்ட முடியாது. கழுத்தில் சிலுவை போட முடியாது. பெட்டியில் வேதாகமம் இருந்தால் விமான நிலையத்திலேயே பிடுங்கிக்கொள்வார்கள். நாலு பேர் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு ஜெபம் பண்ணினாலும் குற்றம்தான். அப்படி ஜெபம் பண்ணினதற்காக ஜெபராஜையும் கூட இருந்த மூன்று பேரையும் பிடித்து நாலு மாதம் ஆகியிருந்தது. வழக்கும் இல்லை, விசாரணைத் தேதியும் இல்லை. தூதரகத்துக்கு எழுதிய கடிதங்களுக்கு, கடிதம் கிடைத்தது என்று மட்டும் பதில் வந்தது.

இந்த மாதிரிக் கைதிகளுக்காகப் பாடுபடும் சிறிய சங்கம் ஒன்று லண்டனில் இருந்தது. குடும்பத்தில் ஒருவர் வந்து கூட்டத்தில் பேச வேண்டும் என்று டிக்கெட்டே அனுப்பிவிட்டார்கள். தம்பி மனைவிக்கு ஆறு மாதக் கைக்குழந்தை. நான் பெண்கள் பள்ளியில் இங்கிலீஷ் டீச்சர், கல்யாணம் ஆகாதவள், வாயாடி என்று பெயர் வாங்கியவள். நான்தான் கிளம்ப வேண்டியதாயிற்று. தொண்ணூறுகளின் தொடக்கம் அது.

விமான நிலையத்து அதிகாரி எதற்காக வந்தேன் என்று கேட்டார். ஒரு கூட்டத்தில் பேச என்றேன். எவ்வளவு நேரம் பேசுவீர்கள்? அரை மணி நேரம். "அரை மணி நேரப் பேச்சுக்கு எட்டு நாளா?" என்றார். என் தம்பியின் நாலு மாதத்தை அவருக்கு எப்படி விளக்குவது என்று தெரியவில்லை. ஊறுகாய்ப் பாட்டிலை முகர்ந்து பார்த்துவிட்டு விட்டுவிட்டார்.

வெளியே என்னைக் கூப்பிட வரவேண்டிய குகனைக் காணோம். குகன் யாழ்ப்பாணத்துக்காரர். வளைகுடாவில் தம்பியோடு மூன்று வருஷம் ஒரே அறையில் இருந்தவர். அங்கிருந்து கிளம்பி, முன்னமே லண்டன் வந்திருந்த மனைவியோடு சேர்ந்துகொண்டு, இப்போது பெட்ரோல் பங்கில் ஷிப்ட் வேலை. ஒன்றரை மணி நேரம் கழித்து மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"அக்கா, குறை நினையாதேங்கோ. ட்ரெயினை சுரங்கத்துக்குள்ளை நிப்பாட்டிப் போட்டாங்கள். ஆரோ ஒரு பையை விட்டிட்டுப் போட்டானாம், குண்டோ எண்டு பாக்கினம். எங்கடை ஊரிலை குண்டு விழுந்தாப் பிறகுதான் பாக்கிறது. இஞ்சை பையைக் கண்டவுடனை பாக்கினம்."

பிளேஸ்டோவில் அவர்கள் வீடு. முன்னறையில் முருகன் படம், அதற்குக் கீழே டெலிவிஷன். குகனின் மனைவி வதனி புட்டும் மீன் குழம்பும் வைத்தாள். எங்கள் ஊரில் தேங்காயை நன்றாக அரைத்து விடுவோம். அவர்கள் வறுத்த தூளைத்தான் நம்புகிறார்கள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "குளிருக்கு நல்லது அக்கா" என்று இன்னொரு கரண்டி விட்டாள்.

சாப்பிடும்போது குகன் பழைய கதை சொன்னார். "நான் சைவம் தானே அக்கா, வேதக்காரன் இல்லை. அவையள் நாலு பேரும் உள்ளுக்கு ஜெபம் பண்ணேக்கை நான் வாசலிலை கதிரையைப் போட்டுக் காட்ஸ் விளையாடுவன். ஆரும் வந்தால் இருமுவன். உள்ளுக்குச் சத்தம் நிண்டிடும். ரெண்டு வருசம் இருமினன், ஒருத்தருக்கும் தெரியேல்லை. பிறகு எப்பிடித்தான் தெரிய வந்ததோ!"

நான் புட்டைப் பிசைந்துகொண்டிருந்தேன். எப்படித் தெரிய வந்தது என்பது எனக்குத் தெரியும்.

எங்கள் சபையிலிருந்து மாதப் பத்திரிகை ஒன்று வருகிறது. அதில் ஜெபக்குறிப்புகள் பக்கம் என் பொறுப்பு. கடவுளுக்குத் தெரியாதா என்று சும்மா இருக்கிற வழக்கம் எங்கள் ஆட்களுக்குக் கிடையாது. ஆபரேஷன் என்றால் எந்த ஆஸ்பத்திரி, எந்த வார்டு, எந்தப் பக்கத்துக் கிட்னி என்று எழுதினால்தான் ஜெபிக்கிறவர்களுக்குத் திருப்தி. நானும் அந்த வழக்கப்படி, தம்பி கடிதத்தில் எழுதியதை எடுத்து, "சகோதரர் ஜெபராஜும் மற்றும் மூவரும் வெள்ளிக்கிழமைதோறும் மாலை ஏழு மணிக்குத் தங்கள் அறையில் நடத்தும் இரகசிய ஜெபக்கூட்டத்துக்காக" என்று நாட்டின் பெயர், கம்பெனி முகாமின் பெயரோடு அச்சிட்டேன். இரகசியம் என்று கொட்டை எழுத்தில் போட்டு ஊர் உலகத்துக்கெல்லாம் தபாலில் அனுப்பிய புத்திசாலி நான்தான். அதில் ஒரு பிரதி தம்பிக்கே போனது. தபாலைப் பிரித்துப் பார்க்கிற நாடு அது. அந்தப் பக்கத்தை மேசைமேல் வைத்துத்தான் விசாரித்தார்களாம், அங்கிருந்து லீவில் வந்த எங்கள் ஊர்ப் பையன் ஒருவன் என்னிடம் மட்டும் சொன்னான். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே கத்தியது நான், பிடிபட்டது அவன்.

இதை அன்றைக்குக் குகனிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை சங்கத்துக்குப் போனேன். நோர்பரியில், துணி வெளுக்கிற கடைக்கு மேலே இரண்டு அறை. நடத்துகிறவர் மிஸஸ் பார்க்கர், அறுபது வயது இருக்கும். கம்பளிச் சட்டை முழங்கையில் கிழிந்திருந்தது. சுவர் முழுக்கப் படங்கள். எண்பதுகளில் ரஷ்யச் சிறைகளில் கிடந்த பாப்டிஸ்ட் போதகர்கள், சீனாவில் காணாமல் போன ஒரு பாதிரியார், இன்னும் யார் யாரோ. "இவர், இவர், இந்த அம்மா, மூன்று பேரும் வெளியே வந்துவிட்டார்கள். நாங்கள் போட்ட சத்தம்தான் காரணம். சிறைக்கு மூட்டை மூட்டையாகக் கடிதம் போனது" என்றார். பால் ஊற்றிய டீயும் வெள்ளரிக்காய் வைத்த ரொட்டியும் தந்தார். வெள்ளரிக்காயை உப்பும் மிளகாய்ப்பொடியும் இல்லாமல் தின்கிறவர்கள் எதையும் தாங்குவார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு போஸ்டரைக் காட்டினார். "ஜெபராஜை விடுதலை செய்!" நாங்கள் அனுப்பிய கல்யாணப் படத்தில் பெண்ணை வெட்டிவிட்டு இவனை மட்டும் பெரிதாக்கியிருந்தார்கள். கழுத்தில் மாலை அப்படியே இருந்தது. ஒன்றை வீட்டுக்குக் கொண்டுபோனேன். குகன் விரித்துப் பார்த்துவிட்டு வெலவெலத்துப் போனார்.

"என்னக்கா இது, கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ் மாதிரியெல்லோ கிடக்கு! எங்கடை ஆக்களின்ரை கடைக் கண்ணாடியிலை இதை ஒட்டினா, எப்ப செத்தவர், எங்கை எரிக்கினம் எண்டுதான் கேப்பினம்."

போஸ்டர் டெலிவிஷனுக்கு அடியில் போனது.

புதன்கிழமை கம்பெனியின் தலைமை அலுவலகத்திலிருந்து கூப்பிட்டிருந்தார்கள். நான் வந்திருப்பது அவர்களுக்கு எப்படித் தெரிந்ததென்று கேட்டால், மிஸஸ் பார்க்கர் எல்லோருக்கும் கடிதம் போட்டிருக்கிறார். போகிற வழியில் மறுபடியும் யாரோ பையை விட்டுவிட்டான். எல்லோரையும் ஸ்டேஷனிலிருந்து வெளியேற்றினார்கள். ஒருவரும் முணுமுணுக்கவில்லை. நம் ஊராக இருந்தால் அந்தப் பையைச் சுற்றி நின்று கருத்துச் சொல்ல ஐம்பது பேர் கூடியிருப்பார்கள். மழையில் நடந்தே போய்ச் சேர்ந்தேன். சேலைக் கொசுவம் முழங்கால் வரை சேறு.

என்னைப் பார்த்த அதிகாரியின் பெயர் ஹாரிசன். கதவைச் சாத்திவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார். "அங்கே எங்கள் ஆள் பேசிக்கொண்டிருக்கிறார். உங்கள் தம்பி பெயர் ஒரு பத்திரிகையிலும், ஒரு கூட்டத்திலும் வராமல் இருந்தால், சத்தமில்லாமல் விமானத்தில் ஏற்றி அனுப்பிவிடுவார்கள். வந்துவிட்டால் அவர்களுக்கு மானப் பிரச்சினை. வழக்கு நடத்தியே தீருவார்கள். பிறகு வருஷக்கணக்கு."

எழுதிக் கொடுங்கள் என்றேன்.

"எழுதித் தரக்கூடியதாக இருந்தால் தபாலில் அனுப்பியிருப்பேனே, உங்களை ஏன் மழையில் வரவழைக்கிறேன்?" என்றார்.

பேச்சு முழுக்க அவர் "உங்கள் தம்பி, உங்கள் தம்பி" என்றே சொன்னார். மற்ற மூன்று பேரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதை நான் கவனித்தேன். கேட்கவில்லை.

வியாழக்கிழமை மறுபடியும் நோர்பரி. கூட்டத்தை நிறுத்துங்கள், போஸ்டரைக் கிழித்துப் போடுங்கள் என்று மிஸஸ் பார்க்கரிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை, அதுதான் எனக்குக் கோபமாக வந்தது.

"எல்லாக் கம்பெனியும் இதைத்தான் சொல்லும், எஸ்தர். அவர்களுக்கு அங்கே ஒப்பந்தம் இருக்கிறது. சும்மா இருங்கள் என்று சொன்னதை நம்பிப் பல வருஷம் சும்மா இருந்த குடும்பங்களை எனக்குத் தெரியும்."

"நீங்கள் சொல்வது உண்மையாகவே இருக்கட்டும். உள்ளே இருக்கிறவன் உங்கள் தம்பியா, என் தம்பியா?" என்று கத்திவிட்டேன். கீழே துணி வெளுக்கிற இயந்திரம் நின்றுவிட்டதுபோல இருந்தது. அதற்குப் பிறகுதான் ஜெபக்குறிப்பு விஷயத்தைச் சொன்னேன். முதல்முதலாக ஒரு மனுஷியிடம் சொன்னது அப்போதுதான். சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டேன்.

அவர் எழுந்து, போஸ்டர் கட்டுகளை ஒவ்வொன்றாகத் தூக்கி அலமாரிக்குள் வைத்துப் பூட்டினார். கூட்டம் நடக்கும், பெயர் வராது என்றார். பிறகு, "மற்ற மூன்று பேர்? அவர்கள் பெயராவது தெரியுமா?" என்று கேட்டார்.

தெரியாது என்றேன். அது உண்மை. தம்பி கடிதங்களில் எழுதியிருக்கக்கூடும். நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. குகனிடம் கேட்கவும் தோன்றவில்லை. ஜெபக்குறிப்பில்கூட "மற்றும் மூவர்" என்றுதானே போட்டேன்.

வெள்ளிக்கிழமை நிம்மதியாக இருக்கலாம் என்று பார்த்தால், வதனி குங்குமமும் வாழைப்பழமுமாக வந்து நின்றாள். "அக்கா, கோயிலிலை ஜெபராஜ் அண்ணைக்கு அர்ச்சனை செய்விச்சனான். நட்சத்திரம் தெரியேல்லை, பேரை மட்டும்தான் சொன்னனான்."

தலையில் அடித்துக்கொண்டேன். முருகன் சந்நிதியிலும் பெயரைச் சொல்லியாயிற்று! என் முகத்தைப் பார்த்துவிட்டு அவள் பயந்துபோய், "ஐயர் வாய்க்குள்ளைதான் சொன்னவர் அக்கா, ஒருத்தருக்கும் கேட்டிராது" என்றாள். அவளிடம் கோபித்துக்கொள்ள முடியவில்லை. வாழைப்பழத்தை வாங்கித் தின்றேன்.

சனிக்கிழமைக் கூட்டத்துக்கு முப்பது பேர் வந்தார்கள், பெரும்பாலும் வயதானவர்கள். நான் மேடையேறி, ஒரு நாட்டில் ஒரு மனிதன் ஜெபம் பண்ணினதற்காகச் சிறையில் இருக்கிறான் என்றேன். எந்த நாடு? சொல்ல முடியாது. என்ன பெயர்? சொல்ல முடியாது. அவனுக்கு நான் என்ன உறவு? அதையும் சொல்ல முடியாது. மிச்ச நேரத்தை நிரப்ப எங்கள் ஊர்க் கோபுரத்தின் உயரத்தைப் பற்றியும் பனங்கற்கண்டைப் பற்றியும் பேசினேன். முன்வரிசைக் கிழவர் ஒருவர் எழுந்தார். "நான் இரண்டு பஸ் மாறி மழையில் வந்திருக்கிறேன். கடிதம் எழுதத் தாளும் கொண்டுவந்திருக்கிறேன். யாருக்கு எழுதுவது என்று தெரியாமல் என்னத்தை எழுத?" அவர் கேட்டது நியாயம். மிஸஸ் பார்க்கர் எழுந்து ஏதோ சமாதானம் சொன்னார். கிழவர் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, டீ குடிக்காமலே போய்விட்டார்.

இத்தோடு விட்டது என்றிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை வால்தம்ஸ்டோவில் தமிழ் ஆராதனை, ஒரு பள்ளிக்கூட ஹாலில். தமிழில் பாட்டுக் கேட்டு ஆறு நாள் ஆகியிருந்ததால் குகனைக் கூட்டிக்கொண்டு போனேன். நடத்தியவர் சாலமன் என்ற மலேசியத் தமிழர், கணக்காளர். பாட்டு முடிந்ததும் அவர் கோட்டுப் பையிலிருந்து ஒரு பத்திரிகையை எடுத்தார். அட்டையைத் தூரத்திலிருந்தே அடையாளம் கண்டுகொண்டேன். எங்கள் பத்திரிகை!

"நம்ம மத்தியில ஒரு சிஸ்டர் வந்திருக்காங்க. இதுல போட்டிருக்கு பாருங்க. 'எஸ்தர் டீச்சர், சிறையிலிருக்கும் தம்பி ஜெபராஜின் விடுதலைக்காக லண்டனில்...'"

நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு போய், அவர் கையிலிருந்து அதைப் பிடுங்கினேன். சபை திகைத்துப்போய் உட்கார்ந்திருந்தது. நான் பயண ஏற்பாட்டில் அலைந்த மாதம் அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொள்ள ஒப்புக்கொண்ட எங்கள் சபை டீக்கனார், தம்பி பெயர், நாடு, சிறை இருக்கும் நகரம், நான் பேசப்போகும் தேதி எல்லாவற்றையும் போட்டிருந்தார். என்னிடம் தொழில் கற்றவர்தானே.

டெலிபோன் பெட்டிக்கு ஓடிப்போய், கார்டைப் போட்டு, நாசரேத்தில் அவரைக் கூப்பிட்டேன். மிச்சப் பிரதிகளை நிறுத்துங்கள் என்று கத்தினேன்.

"எல்லாம் தபால்ல போயிட்டே டீச்சர். இந்த மாசம் நூறு காப்பி கூடவே அடிச்சோம்."

"வளைகுடாவுக்குமா?"

"அங்க இருக்கிறவங்கதானே டீச்சர் முக்கியமா ஜெபிக்கணும்!"

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. உலையை மூட்டியவளே நான்தான் என்பதால் அவரைத் திட்டவும் முடியவில்லை. திரும்பிப் போகும்போது குகனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், பழைய ஜெபக்குறிப்பு உட்பட.

"எங்கடை சனத்துக்கு உது விளங்கும் அக்கா. பேர் வெளியிலை வந்தால் ஆள் போச்சு. ஆனா பேர் வராமலும் எத்தினை பேர் போயிருக்கினம்" என்றார். யாழ்ப்பாணத்தில் காணாமல் போன தன் அண்ணனைப் பற்றிச் சொல்கிறார் என்று நினைக்கிறேன். நான் கேட்கவில்லை.

திங்கட்கிழமை சாயங்காலம் எனக்கு விமானம். காலையில் பெட்டியைக் கட்டிக்கொண்டிருக்கும்போது டெலிபோன் அடித்தது. வதனி எடுத்து என்னிடம் நீட்டினாள்.

"அக்கா, நான் ஜெபராஜ். பம்பாயில இருந்து பேசுதேன்."

சாப்பிட்டாயா என்று கேட்டேன். வேறென்ன கேட்பது?

"சாப்பிட்டேன். அழாதக்கா. பேனா எடு. நான் சொல்லுதத எழுதிக்கோ."

"முதல்ல உன் பொண்டாட்டிகிட்டப் பேசுனியா?"

"பேசுதேன். மொதல்ல எழுதுக்கா. நான் மறந்துருவேன்." பேனாவை எடுத்தேன். "சனிக்கிழமை என் பேரை மட்டும்தான் கூப்பிட்டாவ. கம்பெனி எனக்கு மட்டும்தான் பேசிருக்கு. அவங்க மூணு பேரும் வேற வேற இடத்துல வேலை, யாரும் வரல. கதவைச் சாத்தும்போது மூணு பேரும் அவங்கவங்க முழுப் பேரையும் சத்தமா சொன்னாங்கக்கா. வெளிய போய்ச் சொல்லு, சொல்லு, நாங்க இங்க இருக்கோம்னு யாருக்குமே தெரியாதுன்னாங்க. விமானம் பூரா அதையே மனசுக்குள்ள சொல்லிட்டு வந்தேன்."

கேஸ் பில் உறை ஒன்றின் பின்புறத்தில் எழுதினேன். ஒவ்வொரு எழுத்தாகக் கேட்டு, திரும்ப வாசித்துக் காட்டினேன். எட்டு நாளாக நான் ஊமையாக்கி வைத்திருந்த ஊரில் உட்கார்ந்து இப்போது பெயர் எழுதிக்கொண்டிருந்தேன்.

பெட்டியோடு நோர்பரிக்குப் போனோம். குகன் ஷிப்டுக்குப் போகவில்லை. மிஸஸ் பார்க்கர் கதவைத் திறந்ததும், தம்பி வந்துவிட்டான் என்றேன். என்னைக் கட்டிக்கொண்டார். உறையை நீட்டினேன். சனிக்கிழமை முப்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள், ஒருவர் தாளோடு வந்திருந்தார், நீங்கள் அல்லவா வாயைக் கட்டினீர்கள் என்று அவர் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அலமாரியைத் திறந்து, மூன்று வெள்ளை அட்டைகளை எடுத்து, பெயர்களைப் பெரிய எழுத்தில் எழுத ஆரம்பித்தார். எனக்கு அவர் கேட்டிருந்தால் தேவலை என்று இருந்தது.

தம்பி விஷயத்தில் சும்மா இருந்தது சரியா, அந்த மூவர் விஷயத்தில் சும்மா இருந்தது தவறா என்று பின்னால் பலரிடம் வாதாடியிருக்கிறேன். இரண்டும் ஒரே வாரத்தில் ஒரே வாயால் செய்தது. எனக்கு விடை கிடைக்கவில்லை. அதற்கப்புறம் நிறையக் கடிதங்கள் போயின. பிலிப்பைன்ஸ்காரர் ரெய்னால்டோ ஒரு வருஷம் கழித்து ஊர் போய்ச் சேர்ந்தார். கிறிஸ்மஸ் வாழ்த்து அனுப்பினார். எத்தியோப்பியாக்காரர் தெஸ்ஃபாயேயை அதற்கும் பின்னால் நாடு கடத்தினார்கள். சிறையில் ஒரு கண் போய்விட்டது.

மூன்றாமவர் பெயர் யூசுப் மசிஹ். பாகிஸ்தான்காரர், வெல்டர். வெள்ளிக்கிழமைகளில் முதல் பாட்டை அவர்தான் எடுத்துக் கொடுப்பாராம். அவரைப் பற்றி இன்றுவரை எந்தத் தகவலும் இல்லை.